இரண்டு மாடிக்கு நடுவே

அத்தை: லிஃப்ட் மணிப் பட்டனை விட்டாச்சா?

மாமா: விட்டாச்சு, விட்டாச்சு. இப்ப தாராளமா பேசு. அமுக்கினாத்தான் அவளுக்குக் கேக்கும்.

அத்தை: அப்பாடா. எவ்வளவு நேரம்தான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறது? ஏங்க, அது என்ன குரல்? ஆடு இருமுற மாதிரி.

மாமா: எழுபது வயசுப் பெரியவர் குரல் அது. இதே குரலுக்கு மேடையில கைதட்டல் வாங்கினவன் நான்.

அத்தை: முதல் காட்சியிலயே உங்களைக் கொன்னுட்டாங்க.

மாமா: சாகுறதுக்கு முன்னாடி பேசினேன்ல… உஷ். சுண்டு பேசுறா.

சுண்டு: ஐயா, நான் லைன்லதான் இருக்கேன். பதறாதீங்க. அப்பாவுக்குச் சொல்லிட்டேன். அவர்தான் லிஃப்ட் மெக்கானிக். வந்துடுவார். நீங்க எந்த மாடிக்குப் போறதுக்கு ஏறினீங்க?

மாமா: நாலாவது மாடிம்மா… பல் டாக்டரைப் பாக்க…

சுண்டு: ஞாயித்துக்கிழமையிலயா ஐயா? அந்தக் கட்டடம் முழுக்க ஆஃபீஸ்தானே, இன்னைக்கு யாருமே இருக்க மாட்டாங்களே…

மாமா: ஆங்… அதாம்மா… திறந்திருக்கா பூட்டியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு…

சுண்டு: சரி ஐயா, பரவால்ல. கூட யாராவது இருக்காங்களா?

மாமா: இல்லம்மா. நான் ஒண்டிக்கட்டை.

அத்தை: ஒண்டிக்கட்டையா? அப்ப நான் யாரு, மூட்டையா?

மாமா: பட்டன்ல கை இருக்கும்போது பேசாதடி… நல்லவேளை, எடுத்துட்டேன்.

சுண்டு: ஐயா, உள்ள இருக்குற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. காத்து வர்றதுக்கு மேல வழி இருக்கு, மூச்சு முட்டாது. கதவுல மட்டும் கை வைக்காதீங்க. இப்ப ஒரு வேலை செய்யலாமா? கண்ணை மூடிக்கிட்டு, உங்க வீட்டு வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் நடந்து போங்க. என்னென்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வாங்க.

மாமா: வாசல்ல செருப்பு ஸ்டாண்டும்மா… ஒரு கால் ஆடும்… அப்புறம் சுவர்ல ஓடாத கடிகாரம்… அப்புறம் நீலக் கலர்ல ஒரு பீரோ, கதவு சாத்தாது, ஒரு துண்டைச் செருகி வச்சிருக்கோம்…

அத்தை: ஏங்க, அது நம்ம வீடு.

மாமா: பின்ன யார் வீட்டைச் சொல்றது?

அத்தை: சுண்டு நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லையா? அந்தத் துண்டைச் செருகினதே அவதான். நடிக்கத் தெரியலன்னா இருமிட்டாவது இருங்க.

மாமா: ஐயய்யோ… அம்மாடி, கண்ணை மூடினா தலை சுத்துது. வீடு வேணாம்.

சுண்டு: சரி ஐயா, வேணாம். தண்ணி இருந்தா ஒரு வாய் குடிங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்.

அத்தை: எவ்வளவு நிதானமா பேசுறா பாத்தீங்களா? போன வருஷம் இதே புள்ளதான், தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா.

மாமா: அதுக்குத்தானே இந்தக் கூத்தெல்லாம். சரி, இன்னைக்கு இது போதும். நான் சிவப்புப் பட்டனை இழுக்குறேன், கீழ போய் இறங்கிட்டு, 'அதுவா ஓடிடுச்சும்மா, நன்றி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்.

அத்தை: இழுங்க சீக்கிரம். கால் ஒடியுது.

மாமா: இதோ…

அத்தை: என்ன?

மாமா: இழுத்துட்டேன்.

அத்தை: இழுத்தா ஓடும்னீங்க.

மாமா: ஓடும்னுதான் அத்தான் சொன்னார். அமுக்கினா நிக்கும், இழுத்தா ஓடும், குழந்தைகூட பண்ணும்னார்… இரு… இன்னொரு தடவை…

அத்தை: ஏங்க, லைட்.

மாமா: தெரியுது.

அத்தை: ஃபேனும் நின்னுடுச்சு.

மாமா: தெரியுதுடி, எனக்கும் காது இருக்கு. இரு, மெதுவா ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாக்குறேன். நாலு… மூணு… எதுவும் எரியல.

அத்தை: நீங்க கொஞ்ச நேரம் முன்னாடி கதவை என்ன பண்ணீங்க?

மாமா: சும்மா தட்டினேன். மாட்டிக்கிட்டவன் தட்டாம இருப்பானா? அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டாத்தானே நம்புவா.

அத்தை: தட்டினீங்களா, நெம்பினீங்களா?

மாமா: விரலை விட்டு லேசா… ஒரு 'டக்'னு சத்தம் வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கு சத்தம்னு நெனச்சேன்.

அத்தை: கதவு சரியா சாத்தலன்னா லிஃப்ட் ஓடாதே, தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிடுங்க. சுண்டுவோட அப்பாவே வந்து இறக்கி விடட்டும்.

மாமா: சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. உன்னுதை எடு.

அத்தை: என்னுது வண்டி டிக்கியில இருக்கு. ரெண்டே நிமிஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க.

மாமா: வாட்ச்மேன்…

அத்தை: அவரைத்தான் நீங்களே அனுப்பி வச்சீங்க. 'அண்ணே, கொஞ்ச நேரம் வெளிய இருங்க, ஒரு நல்ல காரியம்'னு.

மாமா: சரி, பதறாத. சுண்டுதான் அத்தானுக்குச் சொல்லிட்டாளே. அவர் வந்…

அத்தை: வருவாரா? அவர் ஊருக்கு அந்தக் கோடியில ஆஸ்பத்திரி லிஃப்ட்டைக் கழட்டிப் போட்டுக்கிட்டு இருக்கார். சுண்டு கூப்பிட்டா என்ன பண்ணணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? 'வரேன்னு சொல்லுங்க அத்தான், வராதீங்க, நாங்களே இறங்கிடுவோம்'னு?

மாமா: சொன்னேன்.

அத்தை: அப்ப யாருமே வரப் போறதில்ல.

சுண்டு: ஐயா? சத்தமே இல்லையே. லைட் எரியுதா?

மாமா: லைட்டு… போயிடுச்சும்மா. ஃபேனும்.

சுண்டு: எப்ப போச்சு?

மாமா: இப்பத்தான்.

சுண்டு: நின்னப்ப போகல, இப்பத்தான் போச்சா?

மாமா: ஆமாம்மா.

சுண்டு: சரி. தரையில உக்காருங்க ஐயா. பக்கத்துல இருக்குறவங்களையும் உக்காரச் சொல்லுங்க.

மாமா: நான் தனியாத்தாம்மா…

சுண்டு: பழக்கத்துல வந்துடுச்சு ஐயா. நீங்க உக்காருங்க.

அத்தை: உண்மையைச் சொல்லிடுங்க.

மாமா: கொஞ்சம் இரு.

அத்தை: என்ன இரு? 'சுண்டு, நான் மாமா பேசுறேன், இதுவரைக்கும் நடந்தது நாடகம், இப்ப நிஜமா மாட்டிக்கிட்டோம், உங்க அப்பாவை வரச் சொல்லு'. முடிஞ்சுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?

மாமா: முடிஞ்சுதுதான். எல்லாமே முடிஞ்சுது. அவ எந்திரிச்சு உக்காந்தது, குளிச்சு தலை வாரினது, வாயைத் திறந்து பேசினது, எல்லாம்.

அத்தை: அப்படியெல்லாம் ஆகாதுங்க…

மாமா: உனக்குத் தெரியாது. நான் அக்கா வீட்டுல அன்னைக்கு அவ கட்டில்கிட்ட உக்காந்திருந்தேன். 'எந்திரி செல்லம், எவ்வளவு நாள் இப்படியே'ன்னேன். 'எந்திரிச்சு?'ன்னு கேட்டா. கோவமாக்கூட கேக்கலடி. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. எந்திரிச்சு என்ன மாமா பண்றது, நான் இல்லன்னா எது நிக்கும்னு. பதினாறு வயசுப் புள்ள. படிக்கணும், பெரியாளாகணும்னு என்னமோ உளறினேன். மறுபடியும் சுவரைப் பாத்துக்கிட்டா.

அத்தை: எனக்குத் தெரியாதா? அண்ணி சமையல்கட்டுல நின்னு அழுததை நானும் பாத்திருக்கேன்.

மாமா: டாக்டரைப் பாத்தோம், மாத்திரை கொடுத்தார், வாரா வாரம் உக்கார வச்சுப் பேசினாங்க. அதெல்லாம் வேணும்தான். ஆனா அவ எந்திரிச்சது எதுக்கு? அத்தான் லிஃப்ட் மணி வர்ற போனை மறந்து வச்சுட்டுப் போனதுக்கு. லிஃப்ட்டுல ஒரு அம்மா கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டு, இவ எடுத்தா. வேற யாரும் இல்ல எடுக்க. அத்தான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த அம்மாவோட பேசிக்கிட்டே இருந்திருக்கா. சாயங்காலம் பாத்தா திரை விலகியிருக்கு, புள்ள சட்டை மாத்திக்கிட்டு போன் பக்கத்துல உக்காந்திருக்கா.

அத்தை: அது நிஜம். அப்புறம் நீங்க எல்லாரும் சேர்ந்து பண்ணினது பித்தலாட்டம்.

மாமா: வேற வழி? அத்தான் பாத்துக்குற லிஃப்ட் ஒண்ணாவது நிக்குதா? நட்டு நட்டா துடைச்சு வைக்கிற மனுஷன். போன் வரவே இல்ல. ஒரு வாரம் பாத்தா, ரெண்டு வாரம் பாத்தா, திரும்பவும் திரையை இழுத்து விட்டுட்டா. கடைசில அந்த மனுஷனே என்கிட்ட வந்து, 'ஏதாவது ஒண்ணை நிறுத்தணும்டா'ன்னார். சொல்லும்போது அவர் முகத்தை நீ பாக்கல.

அத்தை: அதுக்கு ஊர்ல இருக்குறவனை எல்லாம் கூப்பிட்டு வேஷம் போட வச்சீங்க. தையல்காரர், மீன் தொட்டி கடைக்காரர், உங்க நாடகக் கோஷ்டி…

மாமா: ஒவ்வொரு தடவையும் அவ பேச்சு தெளிஞ்சுது. இல்லன்னு சொல்லு பாப்போம்.

அத்தை: இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப எனக்கு நெஞ்சு படபடங்குது. பிரஷர் மாத்திரையும் வண்டியிலதான் இருக்கு.

மாமா: உக்காரு. சுவர்ல சாஞ்சுக்கோ. நான் சுத்தி வளைச்சு சொல்லிப் பாக்குறேன். அத்தானுக்குப் புரியுற மாதிரி, இவளுக்குப் புரியாத மாதிரி.

அத்தை: உங்களுக்கே புரியாத மாதிரிதான் சொல்லப் போறீங்க.

மாமா: அம்மாடி… ஒரு உதவி. உங்க அப்பாகிட்ட இதை மட்டும் சொல்றியா? சிவப்புப் பட்டனை இழுத்தும் போகலன்னு.

சுண்டு: சிவப்புப் பட்டனை நீங்க அமுக்கினீங்களா ஐயா?

மாமா: இல்ல… கை பட்டுடுச்சு.

சுண்டு: கை பட்டா அமுங்காது ஐயா. வேணும்னே அழுத்தணும். சரி. வீட்டுப் போன்ல அப்பாவைக் கூப்பிட்டு நீங்க சொன்னதை அப்படியே சொல்றேன். கையில இந்தப் போனும் இருக்கு, கட் ஆகாது. அப்படியே இருங்க.

அத்தை: கண்டுபிடிச்சுட்டாளோ?

மாமா: சேச்சே. சின்னப் புள்ள. வேலையில கவனமா இருக்கா, அவ்வளவுதான்.

அத்தை: ரொம்ப புழுக்கமா இருக்குங்க. கை எல்லாம் குளிருது, கழுத்துல மட்டும் வேர்க்குது.

மாமா: என் கையைப் பிடிச்சுக்கோ. இதோ, அத்தானுக்குச் சேதி போயிடுச்சு. சிவப்புப் பட்டன்னு கேட்டதும் அவருக்குப் பொறி தட்டிடும்.

சுண்டு: ஐயா, சொல்லிட்டேன்.

மாமா: என்னம்மா சொன்னார்?

சுண்டு: சிரிச்சார்.

மாமா: சிரிச்சாரா?

சுண்டு: ஆமாங்க ஐயா. சிரிச்சுட்டு, 'பெரியவருக்கு ஒண்ணும் ஆகாது, வரேன்னு சொல்லு'ன்னார்.

அத்தை: நாசமாப் போச்சு. நீங்க நல்லா நடிக்கிறதா நெனச்சுட்டார்.

மாமா: வாழ்க்கையில முதல் தடவையா…

அத்தை: இப்ப விளையாட்டுப் பேச்சு வேணாங்க. எனக்குக் கண்ணு ஒரு மாதிரி இருட்டுது.

மாமா: இருட்டுதான்டி இங்க. லைட் இல்லல்ல.

அத்தை: இது அந்த இருட்டு இல்ல.

மாமா: ஏய்… இந்தா… என்னைப் பாரு. பேசிக்கிட்டே இரு. திட்டு. எப்பவும் திட்டுவியே, திட்டு.

அத்தை: திட்டக்கூட தெம்பு இல்ல…

சுண்டு: ஐயா, உங்ககிட்ட துணி ஏதாவது இருக்கா, துண்டு, கைக்குட்டை? இருந்தா விசிறிக்கிட்டே இருங்க. காலை நீட்டி, முடிஞ்சா பை மேல எதுமேலயாவது காலைத் தூக்கி வச்சு, படுத்துக்கலாம். மயக்கமா இருந்தா அப்படித்தான் பண்ணணும்.

மாமா: மயக்கம்னு நான் சொல்லலையேம்மா…

சுண்டு: பெரியவங்களுக்குப் பொதுவா வரும் ஐயா. காலை உயர வையுங்க.

மாமா: சரிம்மா, சரி… இந்தா, காலைத் தூக்கு. பையை அடியில வைக்கிறேன். எப்படி இருக்கு?

அத்தை: கொஞ்சம் தேவலை… அவ பக்கம் என்னமோ சத்தம் கேக்குதே. ஹாரன் மாதிரி.

மாமா: அம்மாடி, அங்க என்ன சத்தம்?

சுண்டு: தெருவுல வண்டி போகுது ஐயா.

அத்தை: ஜன்னலைத் திறந்து வச்சிருக்கா… பாருங்க, ஒரு வருஷமா திறக்காத ஜன்னல்.

மாமா: இதைத்தான் சொல்றேன். இப்பத்தான் ஜன்னல் வரைக்கும் வந்திருக்கா. இப்பப் போய், 'உன்னைக் கூப்பிட்ட யாருக்குமே நீ தேவைப்படலடி, எல்லாம் நாங்க காதுல சுத்தின பூ'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

அத்தை: நான் செத்துட்டா அதை எப்படிச் சொல்லுவீங்க?

மாமா: வாயைக் கழுவு…

அத்தை: அம்மா. என்னது அது?

மாமா: ஒண்ணும் இல்ல. லேசா இறங்குச்சு. அரை அடி இருக்கும்.

அத்தை: கயிறு அறுந்துடுச்சா?

மாமா: அறுந்தா இப்படியா இருக்கும்? அசையாத. மூச்சை இழுத்து விடு.

அத்தை: முடியாது. என்னால இதுக்கு மேல முடியாது. வெளிய போகணும், ஏதாவது பண்ணுங்க. மேல பாருங்க, கதவு இடுக்குல வெளிச்சம் தெரியுது. அது மேல் மாடித் தரைதானே?

மாமா: ஆமா… நெஞ்சு உயரத்துல இருக்கு. இந்தக் கதவை மட்டும் ஒரு ஆள் நுழையுற அளவுக்குத் தள்ளிட்டா, உன்னை முதல்ல தூக்கி விட்டுடுவேன். அப்புறம் நான் எம்பி வந்துடுவேன். எதுக்குடா காத்துக்கிட்டு கிடக்கோம்… குடை இருக்கா?

அத்தை: இருக்கு. கம்பி கெட்டியா இருக்கும். இந்தாங்க.

மாமா: இங்க செருகி… ஒரு நெம்பு… வருது, வருது…

சுண்டு: மாமா, கையை எடுங்க.

மாமா: மாமாவா…?

சுண்டு: குடையைக் கீழ போடுங்க மாமா. கீழ விழுந்த சத்தம் எனக்குக் கேக்கணும்.

அத்தை: போடுங்க.

மாமா: போட்டுட்டேன்.

சுண்டு: பின் சுவரோட ஒட்டி உக்காருங்க ரெண்டு பேரும். நீங்க பாதி வெளிய இருக்கும்போது அது இன்னொரு அடி இறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உள்ள இருக்குறவங்களுக்கு இதுவரைக்கும் அப்பாகிட்ட ஒண்ணும் ஆனதில்ல. அவசரப்பட்டு வெளிய வந்தவங்களைப் பத்தித்தான் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டுப் பேசுவார்.

மாமா: சுண்டு… நான் பட்டனை அமுக்கவே இல்லையே…

சுண்டு: முதல் தடவை அமுக்கினா போதும் மாமா. அப்புறம் நான் வைக்கிற வரைக்கும் லைன் திறந்தேதான் இருக்கும். மாட்டிக்கிட்டவங்க மயங்கி விழுந்தா யாரு பட்டனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?

மாமா: அப்ப எல்லாமே…

சுண்டு: எல்லாமே.

அத்தை: ஆடு இருமுற மாதிரின்னு நான் சொன்னது…

சுண்டு: சரியாத்தான் அத்தை சொன்னீங்க. இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?

அத்தை: படபடப்பு இருக்குடி. பயமா இருக்கு. அழுகையா வருது.

சுண்டு: அழுங்க அத்தை, பரவால்ல. ஆனா காலை இறக்காதீங்க. மாமா, விசிறுறதை நிறுத்திட்டீங்க.

மாமா: விசிறுறேன்… சுண்டு, அத்தான் வர மாட்டார்டி. இது நாடகம்னு நெனச்சுக்கிட்டு இருக்கார். நான்தான்…

சுண்டு: வந்துட்டு இருக்கார். அவர் சிரிச்சதும் நான் சொன்னேன், 'அப்பா, ஆட்டம் போதும், அத்தைக்கு முடியல, அவங்க நிஜமா மாட்டிக்கிட்டாங்க'ன்னு. 'உனக்குத் தெரியுமா'ன்னார். 'வண்டியை எடுங்கப்பா, அப்புறம் பேசலாம்'னேன். ஸ்பேனரை இரும்புப் பெட்டிக்குள்ள வீசின சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

மாமா: அதை ஏண்டி முதல்லயே எங்களுக்குச் சொல்லல?

சுண்டு: நீங்கதான் அவ்வளவு கஷ்டப்பட்டு என்கிட்ட மறைச்சுக்கிட்டு இருந்தீங்களே மாமா. பாவமா இருந்துச்சு.

அத்தை: நல்லா கேட்டுக்கோங்க.

சுண்டு: ஒரு நிமிஷம்… அண்ணே, மெயின் ஸ்விட்ச் எது? அதான், அந்தப் பெரிய பிடி. இறக்குங்க. முழுசா… நன்றிண்ணே. நீங்க அதுகிட்டயே நில்லுங்க, யார் சொன்னாலும் தொடாதீங்க… மாமா, இப்ப கரண்ட் சுத்தமா இல்ல. இனி லிஃப்ட் தானா அசையாது. உங்க பேச்சு பேட்டரியில வருது, அதனால நாம பேசலாம்.

மாமா: அண்ணேவா? யாரு அது?

சுண்டு: வாட்ச்மேன். பக்கத்துக் கட்டடத்துல கேரம் ஆடிக்கிட்டு இருந்தார். நல்ல காரியம் முடிஞ்சுதான்னு கேட்டார்.

அத்தை: நீ எங்கடி இருக்க?

சுண்டு: கீழ இருந்து படி ஏறிக்கிட்டு இருக்கேன் அத்தை.

மாமா: இந்தக் கட்டடத்துலயா?

சுண்டு: வேற எந்தக் கட்டடத்துல நீங்க மாட்டிக்கிட்டீங்க? மூச்சு வாங்குது, பேச விடாதீங்க. படுத்தே கிடந்து காலுக்குப் பழக்கம் போயிடுச்சு.

அத்தை: ஏங்க… அவ தெருவுல நடந்து வந்திருக்கா. தனியா.

மாமா: தெரியுது. நீ அழாத, நீ அழுதா எனக்கும் வருது.

சுண்டு: மூணாவது மாடி… அத்தை, இப்ப ஒரு தட்டுற சத்தம் கேக்குதா?

அத்தை: கேக்குது. மேல கேக்குது.

சுண்டு: நான்தான். வெளியில இருந்து தட்டுறேன். என்னால திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. அப்பாதான் திறக்கணும். ஆனா இங்கதான் உக்காந்திருக்கேன், கதவுக்கு நேரா.

அத்தை: உக்காருடி கண்ணு. போதும். நீ உக்காந்திருந்தாலே போதும்.

மாமா: சுண்டு… கோவமா?

சுண்டு: இருந்துச்சு.

மாமா: எப்ப தெரிஞ்சுது உனக்கு?

சுண்டு: தையல்காரர் மாட்டினப்பவே. அப்படிக் கத்தினார், நான் நிஜம்னே நம்பிட்டேன். கத்தி முடிச்சுட்டு, 'போதுமாப்பா, தொண்டை காஞ்சுபோச்சு, டீ வாங்கித் தருவியா'ன்னார். நீங்க 'இன்னும் கொஞ்சம் கத்துங்க, புள்ள நல்லா பேசிக்கிட்டு இருக்கா'ன்னீங்க.

மாமா: கடவுளே.

சுண்டு: அன்னைக்கு நான் திரும்பவும் போய்ப் படுத்துட்டேன் மாமா. இவங்களுக்கு என்னைப் பாத்தா எவ்வளவு பாவமா இருந்திருக்கும்னு நெனச்சேன். எனக்காக ஊரே லிஃப்ட்டுல ஏறி இறங்குது. இதுக்கு மேல என்ன அசிங்கம் வேணும்னு இருந்துச்சு. மறுநாள் மீன் தொட்டி கடைக்காரர் கூப்பிட்டப்ப எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

மாமா: ஆனா எடுத்தியே.

சுண்டு: அவர் பாவம், வெயில்ல மூடின பெட்டிக்குள்ள நின்னாரே, அதுக்காக எடுத்தேன். அதோட போனை அப்பாகிட்டயே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அத்தை: கொடுக்கலையேடி. அப்புறமும் எத்தனை பேரு கூப்பிட்டாங்க, எல்லாருக்கும் எடுத்த. இன்னைக்கு இவர் இருமினதுக்கும் எடுத்த. பொய்ன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா எடுத்துக்கிட்டே இருந்த? எங்களுக்காகவா?

சுண்டு: உங்களுக்காக இல்ல அத்தை.

மாமா: பின்ன?

சுண்டு: அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சு, காலையில போனை அப்பா பைக்குள்ள வைக்கப் போறேன், மணி அடிக்குது. லேடீஸ் ஹாஸ்டல் லிஃப்ட். எடுத்தா பேச்சே இல்ல, அழுகைச் சத்தம் மட்டும்தான். நீங்க அனுப்பின ஆள்னு நெனச்சேன். யாராவது பின்னாடி 'போதுமா'ன்னு கேப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன் மாமா… யாரும் கேக்கல. என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. லிஃப்ட் நடுவுல நிக்கவே இல்லையாம், கதவுகூட திறந்துதான் இருக்காம். மணியை அமுக்கினா நிஜமாவே யாராவது எடுப்பாங்களான்னு பாத்தேன்னு சொன்னா. அவ ரூம்ல இருக்குற பொண்ணு தேடி வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் பேசினேன். அவ இன்னொரு நாள் அமுக்குவா மாமா. அப்ப யாராவது எடுக்கணும்ல.